மலைநாட்டை நடந்து கண்டவர்கள்

கொள்ளுப்பிட்டிக் கடற்கரையில் நிற்பவருக்கு முன்னே தெரிவது கடல் ஒன்றே. ஆயினும் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதத்து விடியற்பொழுதில், அவ்வூரின் உயர்ந்த மாடியொன்றில் ஏறிக் கிழக்கே நோக்குவோர், வீடுகளுக்கும் தென்னஞ்சோலைகளுக்கும் அப்பால் கூர்மையான முடியுடைய நீல மலையொன்றைக் காணக்கூடும். கதிரவன் மேலெழுந்ததும் அது வெண்புகாரில் மறைந்துவிடும். நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் நிற்கும் அம்மலையே சிவனொளிபாதம். அதன் உயரம் 2,243 மீற்றர். அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கித் தொடரும் அடர்ந்த காடு, ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் ஹோட்டன் சமவெளி எனப்படும் புல்வெளியில் முடிகின்றது.

பெரியதொரு துறைமுக நகரத்திலிருந்து ஒரு நாட் பயணத் தொலைவிலே, கோடரி படாத காடும் ஏர் படாத புல்வெளியும் பெரும்பாலும் இன்றுவரை எஞ்சியிருப்பது வியப்புக்குரியதே. அதனைச் சூழ்ந்த மலைகளெல்லாம் 19ஆம் நூற்றாண்டிலே மொட்டையாக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. இந்த உச்சி நிலம் மட்டும் எவ்வாறு தப்பியது? அவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், அம்மலைகளுக்கு நடந்து சென்றவர்களின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். யாத்திரிகர் நடந்தனர், வேட்டைக்காரர் நடந்தனர், தோட்டத் தொழிலாளர் நடந்தனர். ஒவ்வொருவரின் நடையும் மலையின் தலைவிதியை ஒவ்வொரு விதமாக எழுதியது.

முதலில் நடந்தவர் யாத்திரிகரே. தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை, இலங்கைத் தீவின் சமனொளி மலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. மலையுச்சிப் பாறையிலுள்ள அடிச்சுவட்டினைப் பௌத்தர் புத்தபிரானுடையதென்றும், சைவர் சிவபெருமானுடையதென்றும், இஸ்லாமியர் ஆதி பிதாவாகிய ஆதமுடையதென்றும் போற்றுவர். ஒரே பாறையைப் பல சமயத்தவரும் தம் தம் முறையில் வழிபட்டு, ஒரே படியில் ஏறி இறங்கும் காட்சி உலகில் அரிதினும் அரிதாகும்.

இந்த யாத்திரையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய குறிப்புக்களுள் விரிவானது, மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா கூறியதாகும். அவர் 1344ஆம் ஆண்டிலே மாலைதீவிலிருந்து புறப்பட்டு இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசின் மன்னராகிய ஆரியச்சக்கரவர்த்தி. மன்னர் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டார் என்றும், விருந்தினருக்கு முத்துக்களைக் காட்டி மகிழ்ந்தார் என்றும் பயணி எழுதுகிறார். வேண்டுவது யாது என மன்னர் வினவியபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதைத் தவிர வேறு விருப்பமில்லை என்று அவர் விடை பகர்ந்தார். மன்னர் பல்லக்கொன்றும் அதனைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் அப்பாதத்தைத் தரிசிக்கும் வழக்கமுடைய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தம் பரிவாரத்தினர் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் ஆகியோரையும் உடன் அனுப்பினார்.

இக்குறிப்பிலே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. யாழ்ப்பாண மன்னரின் ஆதரவிலே வாழ்ந்த யோகிகள் அந்நாளிலேயே ஆண்டுதோறும் இம்மலைக்கு யாத்திரை செய்துவந்தனர். அஃதாவது, வடக்கிலிருந்து தீவின் நடுமலைவரை செல்லும் நடைபாதை, தமிழ் மக்களுக்கு 14ஆம் நூற்றாண்டிலே நன்கு தெரிந்த பாதையாக இருந்தது. சைவ யோகியும் முஸ்லிம் பயணியும் ஒரே குழுவாக அப்பாதையிலே நடந்தனர்.

மலைக்காட்டின் இயல்பையும் இபுனு பதூதா கூர்ந்து கண்டார். நீர்நிலைகளின் அருகே மரங்களிலும் புற்களிலும் இருந்து மனிதர் மேல் பாயும் அட்டைகளைப் பற்றி எழுதினார். அவற்றைக் கழற்றுவதற்காக மக்கள் புளிப்புப் பழத்தின் சாற்றைப் பிழிவதையும் குறித்தார். இன்றும் மழைக்காலத்தில் மலைக்காட்டினுள் நுழைவோர் தேசிக்காயும் உப்பும் கொண்டு செல்வதைக் காணும்போது, ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் அக்காடு மாறவில்லை என்பது புலனாகும். செங்குத்தான பாறைகளில் ஏறுவோர் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளையும், உச்சியில் நின்றபோது முகில்கள் காலடியிலே தவழ்ந்ததையும் அவர் மறவாமல் கூறியுள்ளார்.

யாத்திரிகரின் நடையிலே ஒரு சிறப்புண்டு. அவர் மலையிலிருந்து எதனையும் எடுத்துச் செல்வதற்காக ஏறுவதில்லை. ஏறுகின்றார், வணங்குகின்றார், இறங்குகின்றார். மலை அவருக்குத் தெய்வத்தின் இருப்பிடமாதலின் அதன் காடும் அச்சத்துக்கும் மரியாதைக்கும் உரியதாயிற்று. கடுங்குளிரும் அட்டையும் காட்டு விலங்கும் அந்த மரியாதைக்குத் துணை நின்றன. இவ்வாறு பல நூற்றாண்டுகளாக மலையுச்சிக் காடு மனிதர் கையில் அகப்படாது நின்றது.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதும் நிலைமை மாறிற்று. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருஞ்சாலை வெட்டப்பட்டது. படையும் பீரங்கியும் செல்ல அமைந்த அச்சாலை வழியே அளவையாளரும் வேட்டைக்காரரும் வணிகரும் உள்நாட்டுக்குச் சென்றனர். 1834ஆம் ஆண்டில் பிஷர், வாட்சன் என்னும் இரு படை அதிகாரிகள் காடு கடந்து உயர்ந்த புல்வெளி ஒன்றை அடைந்தனர். அப்பொழுது தேசாதிபதியாக விளங்கிய சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரையே அதற்குச் சூட்டினர். அவர் 1831 முதல் 1837 வரை அப்பதவியை வகித்தவர்.

அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று ஏடுகள் கூறினும், அந்நிலம் மக்கள் அறியாத நிலமன்று. அடிவாரத்துச் சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்று வழங்கினர். பரந்த வெட்டவெளி என்பது அதன் பொருள். பெயரை மாற்றியவர்கள் வெளிநாட்டார். வழி அறிந்திருந்தவர்கள் உள்நாட்டார். உலகின் பல மலைகளுக்கு நேர்ந்த கதை இதுவேயாம். இமயத்தின் உச்சிக்கும் அளவைத் திணைக்களத் தலைவர் ஒருவரின் பெயரே சூட்டப்பட்டது.

புதிதாக வந்தவர்களுள் வேட்டைக்காரர் முதன்மையானவர். பிற்காலத்தில் ஆபிரிக்காவிலே அல்பேட் ஏரியைக் கண்டு புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவிலே பல ஆண்டுகள் குடியிருந்து, வேட்டை நாய்களுடன் இம்மலைகளெங்கும் மரைகளைத் துரத்தித் திரிந்தார். சமவெளியிலுள்ள அருவியொன்று இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அக்காலத்து மற்றொரு படை அதிகாரியான மேஜர் றோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்றார். அவர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே இடி விழுந்து மாண்டார். ஒரு காலத்தில் ஹோட்டன் சமவெளியிலே யானைகள் உலாவின; இன்று அங்கே ஒரு யானையும் இல்லை. வேட்டைக்காரரின் நடை மலையை வணங்கும் நடையன்று. ஆயினும் அவர் விலங்கை அழித்தாரேயன்றிக் காட்டை அழிக்கவில்லை. காட்டை அழிக்க வந்தது வேறொரு சக்தி.

அச்சக்தியின் பெயர் கோப்பி. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அந்நிலங்கள் மலிவான விலைக்கு விற்கப்பட்டன. அரசாங்க உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் வணிகரும் போட்டியிட்டு வாங்கினர். காடு வெட்டப்பட்டது, எரிக்கப்பட்டது, சாம்பல் ஆறுமுன் கோப்பிக் கன்று நடப்பட்டது. 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கோப்பி மூடியிருந்தது.

இவ்வேலையைச் செய்வதற்காக மூன்றாவது கூட்டத்தார் நடந்து வந்தனர். அவர்கள் தென்னிந்தியாவின் தமிழ்க் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட ஏழை மக்கள். கங்காணியின் பின்னே கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு, பாக்கு நீரிணையைத் தோணியிலே கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரம் கால்நடையாக நடந்தனர். வழியோ நீரற்ற வன்னிக் காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களைத் தொடர்ந்தன. நடக்க இயலாதவர் வழியிலேயே விடப்பட்டனர். அப்பாதையோரம் இறந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. கண்டிச் சீமை என்று அவர்கள் கனவு கண்ட மலையைக் காணாமலே மடிந்தவர் பலர்.

இபுனு பதூதாவுடன் யோகிகள் நடந்த நாட்டிலேயே, ஐந்து நூற்றாண்டுகளின் பின்னர் இவர்களும் நடந்தனர். அந்த யாத்திரை முடிந்ததும் திரும்பும் வழி இருந்தது. இவர்களுள் பலருக்குத் திரும்பும் வழி இருக்கவில்லை. அவர்கள் வெட்டிய பாதைகளும், பாறை உடைத்து அமைத்த புகையிரத வழியும், நட்ட செடிகளுமே இந்நாட்டின் செல்வமாயின. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

கோடரி மேலும் மேலும் உயரச் சென்றுகொண்டிருந்த வேளையிலே, மலையின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுதல் வேண்டுமென ஆலோசனை கூறினார். அதனை ஏற்று 1873ஆம் ஆண்டில் நிருவாக ஆணையொன்று பிறப்பிக்கப்பட்டது. ஆற்றின் ஊற்றுக்கண் மலையுச்சிக் காட்டிலே உள்ளது. காடு போனால் நீரும் போகும் என்னும் உண்மை அரசாங்க ஏட்டிலே இடம் பெற்றது.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதையும் சிந்தித்தல் வேண்டும். கோப்பி இலையிலே செந்நிறத் துருநோய் முதன்முதலாகக் காணப்பட்டது 1869இல். அந்நோயினாற் கோப்பிப் பயிர் அடியோடு சாய்ந்தது 1880களில். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தாராயினும், தேயிலை நாடெங்கும் பரவியது கோப்பி வீழ்ந்த பின்னரே. கோப்பி பெரும்பாலும் 5,000 அடிக்குக் கீழேதான் செழித்தது. ஆதலின் அவ்வெல்லைக்கு மேலுள்ள குளிர்ந்த காடுகளை விட்டுக்கொடுப்பது அக்காலத்துத் தோட்டத்துரைமாருக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியிராது. தேயிலையோ அதனினும் உயரத்தில் நன்றாக வளரும் பயிர். ஆணை பத்து, பதினைந்து ஆண்டுகள் பிந்தியிருந்தால், ஹோட்டன் சமவெளியும் தேயிலைச் செடிகளின் பச்சை விரிப்பாகவே இன்று காட்சியளித்திருக்கக்கூடும். ஒரு பயிர் தளர்ந்து மறு பயிர் தலையெடுக்குமுன் கிடைத்த குறுகிய இடைவெளியிலே அந்தக் காடு பிழைத்துக்கொண்டது.

அவ்வாணை எங்கும் முழுமையாக நிலைத்ததெனக் கூறுதல் இயலாது. நுவரெலியாவைச் சூழ 6,000 அடிக்கு மேலும் தேயிலை ஏறிற்று. புகையிரதப் பாதையும் மலையேறிற்று. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும் அது எட்டியது. பட்டிப்பொல நிலையத்தை அடுத்து, கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்திலே அப்பாதை தன் உச்சத்தைத் தொட்டுச் சுரங்கத்தினூடாக ஒகிய நோக்கி இறங்குகின்றது. முன்னர் பல நாள் நடந்து அடைந்த சமவெளி, அதன் பின்னர் ஒகிய நிலையத்திலிருந்து சில மணி நேர நடையில் எட்டக்கூடியதாயிற்று.

20ஆம் நூற்றாண்டிலே சட்டம் படிப்படியாக வலுப்பெற்றது. சிவனொளிபாதத்தைச் சூழ்ந்த காடு 1940ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. ஹோட்டன் சமவெளியோ அதற்குப் பின்னும் இடருக்கு உள்ளாயிற்று. 1960களிலே அதன் புல்வெளியின் ஒரு பகுதி உழப்பட்டு, விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கரிய மண் ஏர்முனையிலே புரண்டது. பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டிலே ஹோட்டன் சமவெளியும், சிவனொளிபாதக் காடும், நக்கிள்ஸ் மலைக்காடும் ஒன்றுசேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றன. அதே ஆண்டில், 1937இற்குப் பின் மிக அரிதாகவே காணப்பட்டு வந்த ஹோட்டன் சமவெளித் தேவாங்கின் முதல் நிழற்படமும் உலகுக்கு வெளியாயிற்று. அழிந்துவிட்டதென அஞ்சப்பட்ட சிற்றுயிர் அக்காட்டின் இருளிலே உயிரோடிருந்தது.

இன்று அங்கே நடந்து செல்வோர் காண்பது யாது? முதலிற் கண்ணிற்படுவது பனி படர்ந்த புல்வெளி. அதன் ஓரத்திலே பாசி போர்த்த குறுகிய மரங்கள். காற்றின் கடுமையால் அம்மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. முகில் காட்டினூடே தவழும்போது இலைகளும் பாசிகளும் ஈரத்தைப் பிடித்துத் துளித்துளியாக நிலத்துக்கு வழங்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் அக்காடு நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளுக்கும் இவ்வுயர்நிலத்திலிருந்து நீர் செல்கின்றது. மாலையில் மரைகள் கூட்டமாகப் புல்வெளிக்கு வருகின்றன. தீவின் இரண்டாவது உயரமான மலையாகிய கிரிகல்பொத்தவும், மூன்றாவதாகிய தொட்டுபொலவும் சமவெளியின் இருபுறங்களிலும் காவல் நிற்கின்றன.

ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதை, பேக்கர் அருவியையும் உலக முடிவு எனப்படும் மலை விளிம்பையும் தொட்டுத் திரும்புகின்றது. அவ்விளிம்பிலே நிலம் திடீரென முடிந்து, ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு வீழ்கின்றது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் முகில் எழுந்து யாவற்றையும் மறைத்துவிடும். ஆதலின் விடியுமுன் புறப்படுவோரே அக்காட்சியைக் காண்பர். தெளிந்த நாளிலே தென்கடல்வரை கண் எட்டும்.

ஆயினும் கடலை நோக்கு முன்னர், நேர் கீழே நோக்குதல் வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டம் ஒன்று தெரியும். மலைச்சரிவிலே வரிவரியாகச் செடிகள். இடையே தொழிலாளரின் லயன் வீடுகளின் கூரைகள். மேலே கோடரி படாத காடு. கீழே கோடரி பட்ட மலை. 19ஆம் நூற்றாண்டு இட்ட எல்லைக்கோட்டை, வரலாற்று நூலைத் திறவாமலே, ஒரே பார்வையில் அவ்விடத்திற் காணலாம். மேலுள்ள காட்டின் அழகை வியந்து திரும்புவோர், கீழுள்ள லயன்களுக்கு நடந்து வந்தவர்களையும் நினையாதிருத்தல் முறையன்று. அம்மக்களும் மலையை வெறும் வேலைத்தலமாக மட்டும் கருதவில்லை. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்திலே, நல்லதண்ணி என்னும் தமிழ்ப் பெயர் கொண்ட ஊரிலிருந்து சிவனொளிபாதத்துக்கு ஏறும் கூட்டத்திலே தோட்டத்து மக்களும் குழந்தைகளைத் தோளிற் சுமந்து ஏறிச் செல்கின்றனர். உழைப்பதற்காக மலையேறி வந்தோரின் சந்ததியார் வழிபடுவதற்காகவும் மலையேறுகின்றனர்.

இன்றைய காலத்து நடையாளர் நான்காவது கூட்டத்தார். அவர்களின் நடையும் மலையின் விதியை எழுதிக்கொண்டிருக்கின்றது. வீசியெறியப்படும் பொலித்தீன் உறை மரையின் வயிற்றிலே சேருகின்றது; பாதையை விட்டு விலகிய காலடியிலே புல் மடிந்து மண் கரைகின்றது. அங்கே காரணம் முழுதும் தெளிவாகாத நோயினால் மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போதலும் பல பத்தாண்டுகளாகக் காணப்படுகின்றது. காட்டைக் காக்க ஆணை பிறப்பித்தவர்களும் சட்டம் இயற்றியவர்களும் தம் கடமையைச் செய்தனர். எஞ்சியது நடப்போரின் கையிலே, அன்றேல் காலிலே, உள்ளது.

மலை நெடுந்தொலைவில் உள்ளதென்று தலைநகரில் வாழ்வோர் எண்ணலாம். சிவனொளிபாதச் சரிவிலே மஸ்கெலி ஓயா பிறக்கின்றது. கிரிகல்பொத்தச் சரிவிலே கெகல்கமு ஓயா பிறக்கின்றது. இரண்டும் இணைந்து களனி கங்கையாகின்றன. அக்கங்கையின் நீரே அம்பத்தலையில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பு மாநகருக்கு வருகின்றது. கொள்ளுப்பிட்டியில் ஒருவர் காலையிலே குழாயைத் திறந்து ஒரு குவளை நீரை ஏந்தும்போது, முகிற்காட்டின் பாசியிலே சொட்டிய துளியும் அதனுட் கலந்திருக்கின்றது. மாடியிலேறி மலையைக் காண இயலாத நாட்களிலும், மலை அவர் இல்லத்துக்கு வந்து சேர்கின்றது.